ஒப்பந்தத்தில் இரண்டு பெயர்கள்: காட்பாடியில் ஒரு வீட்டுத் தரகு நிலையம்

திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ விரும்பும் இருவருக்கு வேலூரில் வாடகை வீடு பிடித்துக் கொடுக்கத் துணிந்த தரகர்கள் மிகச் சிலரே. அவர்களுள் பொய் சொல்லாமல் அந்த வேலையைச் செய்பவராக நான் கண்டது, காட்பாடி காந்தி நகரை ஒட்டி ஒற்றை அறையில் தரகு நிலையம் நடத்தும் ஒருவரைத்தான். கடையின் பெயரை எழுதாமல் மதிப்புரை எழுதுவது முறையன்று என்பதை அறிவேன். ஆனால் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் அவரேதான். "உங்கள மாதிரி ஆளுங்களுக்கு வூடு பாத்துத் தரேன்னு ஊருக்குத் தெரிஞ்சா, சாவி குடுத்து வெச்சிருக்கிறதுல பாதிப் பேரு வந்து வாங்கிக்கினு போயிடுவாங்கம்மா" என்றார். அவருடைய பிழைப்பில் மண் போடுவது என் நோக்கமன்று என்பதால், பெயரை விட்டுவிட்டுச் சேவையை மட்டும் எடைபோடுகிறேன். தேடுகிறவர்கள் அந்தப் பகுதியில் நாலு பேரிடம் விசாரித்தாலே அவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எங்கள் நிலையைச் சொல்லாமல் சேவையின் தரத்தைச் சொல்ல இயலாது. நாங்கள் இருவரும் முப்பதைக் கடந்தவர்கள். எனக்கு வேலூரில் வேலை, என் துணைவருக்கு ராணிப்பேட்டையில். சமயம் வேறு. இருவரும் இந்துக்களாக இருந்திருந்தால், 1967-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவின்படி, புரோகிதரும் மந்திரமும் இன்றி, நண்பர்கள் சிலர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டு கணவன் மனைவியாகியிருக்கலாம். வழக்குரைஞர் ஒருவர் தம் தொழில்முறையில் அல்லாமல் நண்பராக நின்று அத்தகைய திருமணத்தை நடத்தி வைப்பதிலும் தடையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. எங்களுக்கு அந்த வாசல் இல்லை. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி விண்ணப்பித்தால், அதன் அறிவிப்பு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டு, ஆட்சேபணை ஏதும் வருகிறதா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். பத்திரப் பதிவுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கால் வைக்காத உறவினர் கூட்டம் இந்தப் பக்கத்தில் எந்தக் குடும்பத்துக்கு இருக்கிறது? எனினும், இந்தத் தடைதான் காரணம் என்று சொல்லி முடித்துவிட்டால் அது முழு உண்மை ஆகாது. எங்கள் பெற்றோர் திருமணம் முடித்த பிறகு ஒருவரையொருவர் அறிந்தவர்கள். நாங்கள் சில ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்து, அடுப்படியையும் கடன் தவணையையும் பகிர்ந்து பார்த்த பிறகு, திருமணத்தைப் பற்றி முடிவெடுக்கலாம் என்று எண்ணுகிறவர்கள்.

வேலூர் வெளியூர்க்காரர்களுக்குப் பழகிப்போன ஊர். ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய சிறு மருந்தகம் சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்தபின், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகளோடு வந்து இறங்கும் குடும்பங்களுக்காகவே காந்தி சாலையிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் தங்கும் விடுதிகள் பெருகின. பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்தும் இந்தியும் இருக்கும். அக்காவின் சிகிச்சைக்கு வந்த தம்பி, மாமியாரை அழைத்துவந்த மருமகன், பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்குக் கூட்டிவந்த முதியவர் என எவரோடு எவர் தங்கியிருக்கிறார் என்பதை அங்கே யாரும் துருவிக் கேட்பதில்லை. ஆதார் நகலும் முன்பணமும் இருந்தால் அறைக் கதவு திறந்துவிடும். பாலாற்றுப் பாலத்தைக் கடந்து காட்பாடிப் பக்கம் வந்தாலோ, சத்துவாச்சாரியின் குடியிருப்புத் தெருக்களுக்குள் நுழைந்தாலோ, அதே ஊர் வேறு முகம் காட்டுகிறது. 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி. பல்கலைக்கழகமாகி மாணவர்கள் குவிந்ததால், இங்குள்ள வீட்டுக்காரர்கள் பலருக்கு இளைஞர் என்றாலே ஓர் எச்சரிக்கை உணர்வு உண்டு. 'ஃபேமிலிக்கு மட்டும்' என்னும் பலகை அந்த உணர்வின் சுருக்கம்.

இந்தத் தரகரிடம் வருவதற்கு முன்பு நாங்கள் பார்த்த வேறு தரகர்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே வழியைத்தான் சொன்னார்கள். பஜாரில் ஒரு மஞ்சள் கயிறு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஏதேனும் ஒரு கோயில் வாசலில் மாலையோடு ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டால், சொந்தக்காரர்கள் ஒத்துக்கொள்ளாததால் எளிமையாக நடந்தது என்று சொல்ல வேண்டும். அவர்கள் இதைச் சொன்ன விதத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வீட்டுக்காரருக்கும் அது பொய்யென்று தெரியுமாம். தெரிந்தும் கேட்காமல் இருப்பதற்கு அவருக்கு ஒரு சாக்கு வேண்டுமாம். ஆனால் தாலியை நம்பாத ஒருத்தி வாடகைக்காகத் தாலி கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவது, நம்புகிறவர்களையும் சேர்த்து ஏளனம் செய்வதாகும் என்று எனக்குப் பட்டது. நம் தரகர் இந்த யோசனையை நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மறுத்தார். அவர் சொன்ன காரணம் அறம் சார்ந்ததன்று. பொய் சொல்லிக் குடிவைத்தால் என்றைக்காவது வெளிப்படும். வெளிப்பட்டால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவது குடியிருப்பவரிடம் அல்ல, தரகரிடம்.

அவருடைய நடைமுறையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் சேவையின் பெறுமதி அதில்தான் இருக்கிறது. முதலில் 500 ரூபாய் பதிவுக் கட்டணம். அதற்கு ஒரு விண்ணப்பப் படிவம். பிறகு இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துப் பேசுகிறார். என்னிடம் கேட்ட முதல் கேள்வி, யாராவது என்னைக் கட்டாயப்படுத்துகிறார்களா என்பது. இரண்டாவது, வீட்டில் எவருக்காவது இது தெரியுமா என்பது. என் துணைவரிடமும் அதையே கேட்டிருக்கிறார். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று சட்டம் வகுத்த திருமண வயதை எட்டாதவர்களுக்கு அவர் வீடு பார்ப்பதே இல்லை. "நாளைக்குப் பொண்ணு காணோம்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாங்கன்னா, மொத ஆளா என்னத்தான் இட்டுக்கினு போவாங்க" என்பது அவர் விளக்கம். அதன் பிறகு, எங்கள் நிலையை உள்ளபடியே வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் சொல்லி, சரி என்றவர்களின் வீட்டை மட்டும் காட்டுகிறார். வாசல்வரை போய் அவமானப்பட்டுத் திரும்புகிற அனுபவத்திலிருந்து எங்களைக் காப்பாற்றியதற்கே கமிஷனில் பாதியைக் கொடுக்கலாம்.

மேசையில் ஒரு கோப்பு வைத்திருக்கிறார். அதைத் தயாரித்துக் கொடுத்தவர், அதே அறையின் மூலையில் அமர்ந்து வாடகை ஒப்பந்தங்களை எழுதும் பெரியவர். நடிகை குஷ்பு தொடர்பான வழக்கில் 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பகுதி அதில் இருக்கிறது. வயது வந்த இருவர் திருமணமின்றிச் சேர்ந்து வாழ்வது குற்றமாகாது என்பதை அது தெளிவாகச் சொன்னது. மணமாகாத இருவர் தங்கியிருந்தார்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டிக் கோவையில் ஒரு விடுதிக்குச் சீல் வைக்கப்பட்ட வழக்கில், அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எது என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கேட்ட உத்தரவும் இருக்கிறது. நீதிமன்றங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டனவே என்று நான் வியந்தபோது, தரகர் சிரித்துக்கொண்டே கோப்பை மூடினார். அதைப் படித்துவிட்டு வீடு கொடுத்த வீட்டுக்காரர் ஒருவரும் இல்லையாம். கோப்பு, வீட்டுக்காரர் ஏற்கெனவே மனம் இளகியபின், மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ கேட்டால் காட்டுவதற்கு மட்டும் பயன்படுகிறது.

நாங்கள் பார்த்த வீட்டுக்காரர்களில் ஒருவர், தொலைக்காட்சிச் செய்தியை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "சேர்ந்து வாழறதுக்கு கவர்மென்ட்ல ரிஜிஸ்டர் பண்ணின சர்ட்டிபிகேட் இருக்கா?" என்றார். உத்தராகண்ட் மாநிலத்தில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொதுச் சிவில் சட்டம் அப்படியொரு பதிவைக் கட்டாயமாக்கியிருப்பது உண்மை. தமிழ்நாட்டில் அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. அதை விளக்கியும் அவர் சமாதானமாகவில்லை. சான்றிதழ் இல்லையென்றால் இரண்டு பேரில் ஒருவர் பெயரில் வீட்டை எடுத்துக்கொண்டு மற்றவர் 'வந்துபோகட்டும்' என்றார். தரகர் அங்கேயே எழுந்துவிட்டார். வந்துபோகிறவர் என்று ஒருவரை வைத்தால் அந்த வீட்டில் அவருக்கு உரிமை எதுவும் இருக்காது, நாளைக்கு மனக்கசப்பு வந்தால் நடுத்தெருவில் நிற்பது அவர்தான் என்று வெளியே வந்து சொன்னார். இந்த இடத்தில் நான் அவர்மேல் மிகுந்த மதிப்புக் கொண்டேன்.

கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது, கணவரை இழந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீட்டு முதல் மாடி. பேச்சுவார்த்தை நடந்த அவருடைய கூடத்தில் வள்ளி தெய்வானையோடு முருகன் படம் பெரிதாக மாட்டியிருந்தது. தினைப்புனம் காத்த வள்ளியை முருகன் வேடனாக வந்து கவர்ந்து சென்றதாகச் சொல்லப்படும் வள்ளிமலை காட்பாடியிலிருந்து பேருந்துப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. பெற்றோரைக் கேட்டா நடந்தது அது என்று வாதம் செய்ய எனக்கு நாக்கு துறுதுறுத்தது. தரகர் முன்னதாகவே எச்சரித்திருந்தார். "சாமி கதையெல்லாம் எடுக்காதீங்க மேடம். சாமிகிட்ட யாரும் அட்வான்ஸ் கேக்கப் போறதில்ல. உங்ககிட்ட கேப்பாங்க."

அவர் சொன்னதே நடந்தது. அந்த அம்மையார் எங்கள் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கேட்டவை மூன்று: மாதம் பிறந்தால் வாடகை வருமா, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யாருக்குப் போன் செய்வது, நீங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு ஒருவர் போய்விட்டால் மற்றவர் என்ன செய்வார்? திருமணமானவர்களிடம் இந்த மூன்றையும் அவர் கேட்டிருக்க மாட்டார், ஏனெனில் அவருக்கு அங்கே விடை முன்பே தெரியும். தாலி கட்டிய இருவருக்குப் பின்னால் இரண்டு குடும்பங்களும், பெரியவர்களும், ஊர்ப் பேச்சுக்கு அஞ்சுகிற ஒரு கூட்டமும் நிற்கிறது என்பது அவர் கணக்கு. அதுவரை திருமணத்தைப் பற்றி என் தலைமுறை பேசுவதையெல்லாம் காதல், சுதந்திரம், சடங்கு என்ற சொற்களில்தான் நான் யோசித்துவந்தேன். வீடு கொடுப்பவரின் நாற்காலியிலிருந்து பார்த்தால் அது வேறொன்றாக, முன்பின் தெரியாத இருவருக்கு ஊர் போடுகிற ஜாமீனாக இருக்கிறது. இந்தத் தரகு நிலையம் செய்வதெல்லாம் அந்த ஜாமீனை வேறு வழிகளில் திரட்டிக் கொடுப்பதே: இருவரின் பணிச் சான்று, முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண், பிறகு, எங்களைப் பற்றி உண்மை அறிந்த, நாற்பது வயதுக்கு மேற்பட்ட உறவினர் ஒருவரின் வாய்மொழி.

அந்த உறவினராக என் பக்கத்தில் அமைந்தவர் என் சின்னம்மா. எங்கள் முடிவை அவர் இன்றுவரை ஏற்கவில்லை. வீட்டுக்கார அம்மையார் தொலைபேசியில் கேட்டபோது, "இதுங்க பண்றது தப்புன்னுதான் நான் சொல்லுவேன் டீச்சர்; ஆனா பொண்ணு பொய் சொல்லமாட்டா, வாடகை பாக்கி வைக்கமாட்டா" என்று சொன்னாராம். ஆதரவாகப் பேசியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன் என்று அம்மையார் பின்னர் என்னிடம் கூறினார். நாற்பது வயது என்கிற வரம்பைத் தரகர் எதை வைத்து வகுத்தாரோ தெரியவில்லை. கேட்டால், அதற்குக் கீழே இருப்பவர்கள் போனை எடுப்பதில்லை என்கிறார்.

ஒப்பந்தம் எழுதும் பெரியவரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வழக்கமான 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைதாரராக இருவர் பெயரும் சம உரிமையோடு இடம்பெற வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமானவர். அதோடு, இருவரும் பிரிய நேர்ந்தால் யார் வீட்டில் தொடர்வது, வெளியேறுகிறவர் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், அட்வான்ஸ் தொகையில் யாருக்கு எவ்வளவு என்பதை எங்கள் இருவருக்கிடையிலான தனி உடன்படிக்கையாக எழுதச் சொன்னார். வீட்டுக்கு நாங்கள் கொண்டுவரும் பொருள்களில் எது எவருடையது என்று ஒரு பட்டியலும் அதனோடு இணைக்கப்பட்டது. குளிர்சாதனப் பெட்டி என்னுடையது, துணி துவைக்கும் இயந்திரம் அவருடையது, கட்டில் பாதிப்பாதி. எழுதும்போது இருவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. சேர்ந்து வாழத் தொடங்குகிற நாளில் பிரிவைப் பற்றி எழுதுவது அபசகுனம் என்று என்னுள்ளே ஒரு குரல் சொன்னது. சகுனத்தில் நம்பிக்கை இல்லாத எனக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பெரியவரின் கேள்விகளால்தான், ஈராண்டுகள் பழகியும் நாங்கள் பேசாமல் விட்டிருந்தவை பேச்சுக்கு வந்தன: என் துணைவருடைய தங்கையின் படிப்புக் கடன், என் அம்மாவுக்கு மாதம் நான் அனுப்பும் தொகை, குழந்தை பற்றிய எண்ணம்.

அந்தப் பட்டியலை என் அம்மா பார்த்துவிட்டுச் சொன்னது எனக்குப் பெரிய வியப்பு. "இதத்தானே எங்க நிச்சயத்துல எழுதுனாங்க. இன்னா, எங்களுது பந்தல்ல எல்லாரும் கேக்கப் படிச்சாங்க. உங்களுது நோட்டரி படிச்சிருக்காரு." பீரோ, கட்டில், பாத்திரம், நகை என்று எண்ணி வாசிக்கப்பட்ட அவருடைய சீர்ப் பட்டியல் இன்னும் அவருடைய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அம்மாவின் ஒப்பீட்டில் நான் ஒரு திருத்தம் செய்வேன். அவருடைய பட்டியல் அவர் தந்தை கொடுத்ததைச் சொன்னது, அவருக்கு உரியது எது என்பதைச் சொல்லவில்லை. அந்தப் பீரோவின் சாவி பல ஆண்டுகள் என் பாட்டியின் இடுப்பில்தான் தொங்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒப்பந்தம் எழுதும் பெரியவர் சட்டம் தெரிந்தவரைப் போலப் பேசுவார். எழுத்து வேலையில் தேர்ந்தவர், ஆனால் அவர் சொல்வதெல்லாம் சட்டமன்று. ஏழு வருடம் சேர்ந்து இருந்துவிட்டால் தானாகவே திருமணமானவர்களாகிவிடுவீர்கள் என்று எங்களிடம் உறுதியாகச் சொன்னார். அப்படி ஆண்டுக் கணக்கு வைத்த சட்டம் இந்தியாவில் இல்லை. நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களைத் திருமணமானவர்களாகவே கருதலாம் என்ற ஊகம் நீதிமன்றங்களில் உண்டு; 2022-இல் கேரளக் குடும்பம் ஒன்றின் சொத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உறுதிசெய்தது. ஆனால் அது எதிர்ச்சான்று காட்டி மறுக்கத்தக்க ஊகம்தான். எங்களைப் போல மணமாகவில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்தவர்களுக்கு அது எவ்வாறு உதவும்? வாரிசுரிமைச் சட்டங்களில் எங்களைப் போன்றவர்களுக்கு இடமே இல்லை. ஒருவர் இறந்தால் மற்றவருக்குச் சொத்து சேர உயில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையொப்பம் வாங்க வேண்டும். இந்தத் தகவலை நிலையத்தில் யாரும் சொல்லவில்லை. வெளியே ஒரு வழக்குரைஞரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

மாறாக, பெண்ணுக்குச் சட்டம் தருகிற ஒரு பாதுகாப்பை அவர்கள் குறைத்துச் சொல்கிறார்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 'திருமணத்தின் தன்மையுடைய உறவு' என்பதையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. அத்தகைய உறவில் உள்ள பெண்ணுக்குப் பகிர்ந்து வாழும் வீட்டில் தங்கும் உரிமை உண்டு, அது வாடகை வீடாக இருந்தாலும். ஆனால் 2010 அக்டோபரில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வேலுசாமி வழக்கில், உச்ச நீதிமன்றம் இதற்குச் சில அளவுகோல்களை வைத்தது: இருவரும் திருமண வயதை எட்டியிருக்க வேண்டும், திருமணம் செய்துகொள்ளச் சட்டத் தடை இல்லாதவர்களாக இருக்க வேண்டும், விரும்பிக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், ஊருக்குத் தம்மைத் துணைவர்களாகக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடைசி அளவுகோல்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. ஊர் வாய்க்கு அஞ்சி மறைத்து வாழ்கிற பெண்ணுக்கு, மறைத்த காரணத்தாலேயே சட்டத்தின் கை எட்டாமல் போகலாம். இருவர் பெயரிலும் ஒப்பந்தம், உண்மையை அறிந்த வீட்டுக்காரர், தொலைபேசியில் சாட்சி சொன்ன சின்னம்மா எல்லாம், தரகர் அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, அந்த அளவுகோலுக்கு வலுச்சேர்க்கும் சான்றுகள்.

ஒரே பாலினத்தைச் சேர்ந்த இணையருக்கு வீடு பார்த்துத் தருவீர்களா என்று தரகரிடம் கேட்டேன். ஃபிரண்ட்ஸ் என்று சொல்லித் தருவதில் சிரமமே இல்லை, உண்மையைச் சொல்லித் தர இன்னும் தைரியம் வரவில்லை என்றார். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தவரின் திருமண உரிமையை ஏற்க மறுத்தது. ஆனால் வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராகக் கொண்டு ஒரு பெண் தன் துணைவிக்காகத் தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுவில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அன்று, தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்று 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. நம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய அந்தத் தீர்ப்பு தரகரின் கோப்பில் இல்லை. சேர்த்துக்கொள்ளுமாறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இனிக் குறைகள். இந்த நிலையத்தின் வழியாகக் கிடைக்கிற வீடுகள், மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டவையாகவே பெரும்பாலும் இருக்கின்றன. மேலே நிழல் ஏதுமில்லாத மொட்டைமாடிக்கு நேர் கீழ் அறைகள், உப்புநீர் ஆழ்துளைக் கிணறு மட்டும் உள்ள வீடுகள், குடிநீருக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் எட்டாத பின்கட்டுகள். சித்திரை வெயிலில் வேலூர் மாடியறையின் சூடு எப்படிப்பட்டது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. (சாமி இல்லாத கோயில், நீர் இல்லாத ஆறு என்று வேலூரைச் சொல்வார்கள், அந்தக் கோயிலின் மூலவர் ஜலகண்டேசுவரர் 1981-இல் கோட்டைக்குள் திரும்பிவந்துவிட்டதால் முதற்குறை தீர்ந்தது, இரண்டாவது குறை ஆண்டின் பெரும்பகுதிக்கு அப்படியே நிற்கிறது.) மேலும், அதே தெருவில் அதே அளவுள்ள வீட்டுக்குக் குடும்பத்தினர் கொடுப்பதைவிட எங்களிடம் மாதம் 1,500 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். தரகர் அதைக் குறைக்கப் பெரிதாக முயலவில்லை. வாடகை உயர்ந்தால் அவருடைய கமிஷனும் உயரும் என்பதை மறக்கக் கூடாது.

அட்வான்ஸ் விஷயத்திலும் அவர் வீட்டுக்காரர் பக்கமே சாய்ந்தார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்வைப்பாகக் கேட்கக் கூடாது என்கிறது. எங்களிடம் முதலில் கேட்கப்பட்டது ஆறு மாத வாடகை. 'உங்கள் நிலைமைக்கு இதுவே பரவாயில்லை' என்றார் தரகர். சட்டத்தை எடுத்துச் சொன்ன பிறகு நான்கு மாதமாக இறங்கியது. அதை உடன்பாடு என்று சட்டம் ஏற்கும் என்றாலும், கேட்டிருக்காவிட்டால் ஆறு மாதமே நின்றிருக்கும். அதே சட்டம் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யவும் சொல்கிறது. நிலையத்தில் அதைத் தாமாகச் செய்வதில்லை. வற்புறுத்திக் கேட்ட பிறகே செய்துகொடுத்தார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தலாக இருப்பது விண்ணப்பப் படிவத்தில் உள்ள 'சைவம் / அசைவம்' என்னும் கட்டம். அதில் சமையலைப் பற்றிய அக்கறை எதுவும் இல்லை. சாதியையும் மதத்தையும் நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அந்தக் கட்டத்தின் வழியாகக் கேட்கிறார்கள். தொடர்ந்து 'சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு' என்று கேட்டால் மீதியும் தெரிந்துவிடும். மணமாகாத எங்களுக்கு வீடு மறுத்தவர்களில் எத்தனை பேர் மணமாகாததற்காக மறுத்தார்கள், எத்தனை பேர் வேறு காரணத்தை அதன் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள் என்பதைத் தரகர் நன்றாகவே அறிவார். தாலியோடு போயிருந்தாலும் சில கதவுகள் திறந்திருக்கமாட்டா. பொய்க்கு இடங்கொடாத ஒருவர் இந்தக் கட்டத்தை மட்டும் வைத்திருப்பது ஏன் என்று கேட்டதற்கு, அதை எடுத்துவிட்டால் வீட்டுக்காரர்கள் தொலைபேசியில் நேராகக் கேட்பார்கள், அது இன்னும் அசிங்கமாக இருக்கும் என்றார். இந்த விடை எனக்குப் போதவில்லை.

குடியேறிய பின்னும் சேவை நின்றுவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். என் துணைவருடைய நண்பர்கள் இரவு வெகுநேரம் தங்கிப் பேசிக்கொண்டிருந்ததைப் பற்றி வீட்டுக்கார அம்மையாருக்கு வருத்தம் ஏற்பட்டபோது, அவர் எங்களிடம் நேரில் சொல்லாமல் தரகரிடம் சொன்னார். தரகர் மாலையில் வந்து, மாடியில் எங்களிடம் ஒரு முறை, கீழே அவரிடம் ஒரு முறை என்று பேசி, பத்து மணிக்கு மேல் கூட்டம் வேண்டாம், அதற்கு முன்பு யார் வந்தாலும் கேள்வி வேண்டாம் என்று முடித்துவைத்தார். அதற்குக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை, காபி குடித்தார். இப்போது அம்மையார் வத்தல் காயவைக்க மாடிக்கு வரும்போது கல்யாணம் எப்போது என்று என்னிடம் கேட்கிறார். என் துணைவரிடம் மட்டும் கேட்பதில்லை. இந்த விஷயத்தில் மணமான பெண்ணுக்கும் ஆகாத பெண்ணுக்கும் வேற்றுமை கிடையாது போலும். மணமானவளிடம் என்றால் குழந்தை எப்போது என்று கேட்டிருப்பார்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, கமிஷன் ஒரு மாத வாடகை, எங்கள் விஷயத்தில் 12,000 ரூபாய். ஒப்பந்தமும் தனி உடன்படிக்கையும் எழுத 2,000 ரூபாய் தனி. ஊர் வழக்கத்தோடு ஒப்பிட்டால் எழுத்துக்கூலி அதிகம், கமிஷன் சரியான அளவு. அவசரமாக வீடு தேவைப்படுகிறவர்களுக்கு இந்த நிலையத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் உண்மையைச் சொல்லித் தேடுவதால் இரண்டு மாதங்களாவது ஆகும். இருவரும் வேலையில் இருந்து, குடும்பத்தில் ஒருவராவது தொலைபேசியை எடுத்துப் பேசத் தயாராக இருந்தால் தாராளமாகப் போகலாம். போகும்போது பணிச் சான்றும் முந்தைய வீட்டின் வாடகை ரசீதுகளும் கொண்டுபோக வேண்டும். உணவுக் கட்டத்தை நிரப்பாமல் விட்டாலும் படிவத்தை வாங்கிக்கொள்கிறார்கள், நாங்கள் அப்படித்தான் விட்டோம். ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பார்த்து, சாவி கைக்கு வந்தபின் கமிஷனைக் கொடுத்தால் போதும். அவர் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை.